ஆறாவது இடம்

ஆகஸ்ட் 14, வியாழன்

எங்கள் ஸ்கிராபிள் சொல்லாட்டச் சங்கத்திலிருந்து வெங்கடபதி போன் செய்தார். பத்து வருடமாக ‘பி’ பிரிவில் ஆடிய எனக்கும் சசிதருக்கும் இந்த முறை ‘ஏ’ பிரிவு. அதில் முதல் ஆறு இடம் பிடிப்பவர்கள் மாவட்ட அணியாக மாநிலப் போட்டிக்குப் போவார்கள். எனக்கு ஐம்பத்தாறு. இன்னொரு வாய்ப்பு வரும் என்று நினைக்கவில்லை.

“காலேஜ் புள்ளைக பூரா ஏறி வந்திருக்குதுங்க, பாத்து ஆடுங்க,” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சசிதர் மதுக்கரையிலிருந்து வந்தார். சிமென்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை. பன்னிரண்டு வருடமாக ஞாயிறு காலை என் வீட்டில்தான் இருவரும் பயிற்சி எடுக்கிறோம். ஆளுக்கொரு வெற்றி. புள்ளிக்கணக்கை எப்போதும் போல நானே எழுதினேன்.

“போட்டியில நீங்களும் தனியா எழுதணும்,” என்றேன்.

“கோர்ட்டு நிருபருங்க்கா நீங்க. நீங்க எழுதினா தீர்ப்புங்க. நான் பாத்து காப்பி அடிச்சுக்கறேன்.” பிறகு, காயைப் பையில் போட்டபடி: “ஒரே தடவை ஸ்டேட் ஆடிப்போட்டா போதுமுங்க.”

எனக்கும் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 23, சனி

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடி. ஐந்து ஆட்டம், மூன்று தோல்வி.

ரித்திகா என்ற மாணவி நான் கேள்விப்படாத ஒரு சொல்லை வைத்தாள். ஆட்சேபித்தேன். செல்லும் என்றது கணினி. தவறாக ஆட்சேபித்ததற்கு என் முறை பறிபோனது. ஆட்டம் முடிந்ததும் அர்த்தம் கேட்டேன்.

“அர்த்தமெல்லாம் யாருங்க ஆன்ட்டி பாக்கறாங்க? லிஸ்ட்ல இருக்குது.”

முப்பத்தொரு வருடத்தில் அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. அது இங்கே ஒரு குறை.

சசிதருக்கும் இரண்டே வெற்றி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆறாவது இடம் எனக்கு.

முதல் நான்கு சுற்றில் மூன்று வென்றேன். சசிதரும் மூன்று. கடைசிச் சுற்றில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். வென்றவருக்கு அணியில் கடைசி இடம். 371–364.

தோற்றவர் முகம் மாறவில்லை. முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் பேனாவைத் தாளில் ஊன்றியபடி என்னை ஒரு கணம் பார்த்தார். களைப்பு என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நினைத்தேனா?

காலையில், அலுவலகம் போகுமுன், நான் புள்ளி எழுதிய தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அவருடைய ஏழாவது முறை. 226-உடன் 38. நான் எழுதியிருப்பது 254.

264.

மூன்று முறை கூட்டினேன். அவர் 374, நான் 371. அவர்தான் வென்றிருக்கிறார்.

எந்தச் செய்தியையும் மறுமுறை படிக்காமல் அனுப்பாதவள், நேற்று ஏன் கூட்டிப் பார்க்கவில்லை? சீட்டு மேசைக்குப் போகும்வரை நேரம் இருந்தது. ஏழு புள்ளி வித்தியாசம் போதும் என்று இருந்துவிட்டேன். அப்படித்தானா? தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

வெங்கடபதியைக் கூப்பிட்டேன். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. டீம் லிஸ்டும் நேத்தே சென்னைக்குப் போயிருச்சு. நீங்க விலகினாலும் அந்த எடம் சசிதருக்கு வராதுங்க, காலியாத்தான் கெடக்கும்.”

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதுக்கரைக்குப் போனேன். ஆலை வாசலில், பணி முடிந்து வந்த சசிதரிடம் தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.

“அப்பவே தெரியுமுங்க்கா.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“மறுக்கா கூட்டுங்கன்னு உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? பன்னெண்டு வருசப் பழக்கமுங்க.” சட்டையில் படிந்த தூசியைத் தட்டினார். “நீங்களே பாப்பீங்கன்னு இருந்தேனுங்க.”

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

“ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க்கா,” என்றார். குடித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விலகல் கடிதம் கொடுத்தேன். கோவையிலிருந்து ஐந்து பேர் போகிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பலகையை எடுத்து வைத்திருந்தேன். ஒன்பதரைக்கு சசிதரின் செய்தி வந்தது: “அக்கா, இங்க விடியக்காலையில இருந்து நல்ல மழைங்க. இன்னைக்கு வரலீங்க.”

பரவாயில்லைங்க என்று பதில் போட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எங்கள் பத்திரிகைக்கு மாவட்ட மழை அளவுப் பட்டியல் வந்தது. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து இருபத்து நான்கு மணி நேரம். வழக்கமாக மொத்தத்தை மட்டும் பார்த்துச் செய்தியாக்குவேன். இன்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

மதுக்கரை: 0.0 மி.மீ.