வடிகட்டாத எண்ணெய்

லுக்குட்,
ஆகஸ்டு 20

அன்பு மகள் மோகனாவுக்கு அம்மா எழுதுவது. ஜெர்மனியில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் பேசினால் மீட்டிங் என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் கம்பெனி நம் தோட்டத்து லயத்துக் கூரையில் சோலார் போட்டு, வெயில் இல்லாத நேரத்துக்குப் பழைய சமையல் எண்ணெயில் ஓடும் எஞ்சினையும் வைத்தபோது, என் மகள் போட்ட கரண்ட் என்று உன் அப்பா தம்பின் டவுன் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எஞ்சினைப் பார்க்கும் வேலையும் அவருக்கே கிடைத்தது. வீடு வீடாக எண்ணெய் வாங்கி, துணியில் மூன்று தரம் வடிகட்டித்தான் டாங்கியில் ஊற்றுவார். எந்த எண்ணெய் என்று நான் கேட்டதற்கு, எதுவானாலும் ஓடும் லா என்று நீதான் சொன்னாய். ஆடித் திருவிழா முடிந்து கோவிலில் இரண்டு வாளி விளக்கு எண்ணெய் மிஞ்சியது. சாமிக்கு எரிந்த எண்ணெயைக் கால் படுகிற இடத்தில் கொட்டலாமா? உன் அப்பா பசாருக்குப் போயிருந்தார், இதுவும் வெளிச்சத்துக்குத்தானே போகிறது என்று நானே டாங்கியில் ஊற்றிவிட்டேன். அதில் நெய்யும் திரி நூலும் கிடந்தது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை, சோலாரும் படுத்தது, எஞ்சினும் அடைத்துக்கொண்டு நின்றது. பதினான்கு வீடும் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலையின் இன்சுலின் கெட்டுப்போய், அவள் வாசலில் நின்று உன் அப்பாவை ஏசினாள். அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை.

பிறகு உன் ரிப்போர்ட் வந்தது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தேவன்தான் படித்துச் சொன்னார். இயந்திரத்தில் குறை இல்லை, ஆப்பரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. அந்த ஆப்பரேட்டர் யார் என்று உனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை அவரைக் கேட்டாயா? ஊற்றியது நான்தான் என்று மண்டோரிடம் சொன்னேன், புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று சிரித்துவிட்டார். அந்த ரிப்போர்ட்டை வைத்தே அவரை நிறுத்திவிட்டார்கள். வேலை போனதற்குக்கூட உன் அப்பா கலங்கவில்லை. "நம்ம புள்ளயே அப்படி நெனச்சிருச்சே" என்றார், அவ்வளவுதான். வேலை போன பிறகும் அந்த வடிகட்டும் துணியைத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. பெற்ற வயிறு சபிக்காது. ஆனால் அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி எழுது, மறக்காதே. அதில் போடுவதற்காகத்தான் என் பெயரைப் பிழை வராதபடி முழுசாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

எண்ணெய் ஊற்றிய உன் அம்மா,
மயிலம்மாள் த/பெ அமிர்தலிங்கம்