கேட் கல்லிலிருந்து அளக்க வேண்டும்

சேலையூர்,
14.10.2024

ஜோனத்தான்,

அப்பாவை நீ வேறொருவருடைய குழியில் அடக்கம் செய்திருக்கிறாய். அதை நான் சபை ஐயரிடம் சொன்னதும், நேற்று ஆராதனை முடிந்து கூடிய கமிட்டியில், "அக்கா போட்ட பிளான்தான் தப்பு, அப்பா சரியான இடத்தில்தான் இருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறாய். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது பொய்.

போனில் உன் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருக்கிறது. கேட்டால் என் கோபம் கரைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் கொடு.

2015 வெள்ளத்தில் நம் கல்லறைத் தோட்டத்தின் நம்பர் பலகைகள் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. அப்போது எந்த இன்ஜினியரும் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆன நான்தான், வீடியோ பார்த்து, கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் கற்றுக்கொண்டு, பழைய பதிவேட்டை வைத்து முந்நூற்றுச் சொச்சம் குழிகளையும் அளந்து வரைந்தேன். கேட் தூணின் அடியில் இருக்கும் கருங்கல்தான் பூஜ்யம். அங்கிருந்து சுவரோரமாக வலப்பக்கம் எத்தனை மீட்டர், பிறகு உள்ளே எத்தனை மீட்டர். அவ்வளவுதான் கணக்கு. அம்மா 18.40, 26.10.

ஆகஸ்டில், தோட்டத்துக்குள் கட்டும் ஜெப ஷெட்டுக்குப் பிளான் போட என் ஃபைலை வாங்கினாய். ஷெட்டின் மூலையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டாய். அதில் தப்பில்லை, அந்த வசதி அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் பூஜ்யத்தைக் கேட் கல்லுக்குத் திருப்பாமல் அப்படியே சேவ் செய்தாய். திரையின் இடது மூலையில் இரண்டு அம்புகள் சேருமிடத்தில் சின்னச் சதுரம் இல்லையென்றால், பூஜ்யம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீடியோ பார்த்துக் கற்றவளுக்கே தெரிகிறது. நாலு வருஷம் காலேஜில் இன்ஜினியரிங் படித்தவனுக்குத் தெரியவில்லை.

அப்பாவை அம்மாவோடு ஒரே குழியில் வைப்பதற்காக அம்மாவின் குழியைத் திரையில் சொடுக்கினாய். 12.40, 22.10 என்று வந்தது. அதை ஜெயவேலுவிடம் கொடுத்தாய். குழி வெட்டும் அவருக்குக் கேட் கல் ஒன்றுதான் பூஜ்யம். அங்கிருந்தே டேப் பிடித்தார்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் நான் போய் அளந்தேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே அகலத்தில் ஆறு மீட்டர், நீளத்தில் நான்கு. உன் ஷெட் மூலை கேட் கல்லிலிருந்து இருக்கும் அதே ஆறும் நான்கும்.

ஜெயவேலு சொன்னது இது: "அன்னிக்கே சொன்னேன் டீச்சர். அம்மாவுக்குத் தேக்குப் பொட்டின்னீங்களே, ஒரு ஆணி கூட காணோமேன்னு. சார்தான், மழ வந்துகினு கீது, நீ தோண்டுன்னாரு."

அது 187ஆம் நம்பர் குழி. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில் டெய்லர் கடை வைத்திருக்கும் துரைராஜ் அண்ணனின் மனைவி முத்தாலம்மாளின் குழி. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவர் மெழுகுவர்த்தியோடு வருவார். நான்தான் டேப் பிடித்து இடம் காட்டுவேன். இந்த நவம்பர் இரண்டாம் தேதி எதைக் காட்டுவது?

பியூலா


பொத்தேரி,
18.10.2024

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜோசலின் கொடுத்தனுப்பிய முறுக்கை நீ திருப்பி அனுப்பிவிட்டாய். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா போன அன்று நான் எந்த நிலையில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, பெட்டி, ஐயர், மழை, எல்லாம் என் தலையில். நீ அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழ முடிந்தது. எனக்கு அதற்குக்கூட நேரமில்லை.

கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இப்போது மாற்றினால் என் செயலாளர் பதவி போகட்டும், எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தாம்பரத்தில் என்னிடம் வீடு கட்டக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் நம் சபை மூலம்தான் வருகிறார்கள்.

ஒரு யோசனை. ஃபைலில் இரண்டு எண்களை மட்டும் மாற்றிவிடு. அம்மாவின் 214 இருக்கும் இடத்தில் 187, 187 இருக்கும் இடத்தில் 214. பிளானும் மண்ணும் ஒத்துப்போகும். துரைராஜ் அண்ணன் ஒரு குழியின் முன்னால் நின்று ஜெபம் செய்யப் போகிறார். நீ காட்டும் இடம்தான் அவருக்கு இடம். யாருக்கும் நஷ்டமில்லை.

உன் தம்பி,
ஜோனத்தான்


சேலையூர்,
21.10.2024

ஜோனத்தான்,

முறுக்கின் மேல் எனக்குக் கோபமில்லை என்று உன் மனைவியிடம் சொல். உன் வீட்டிலிருந்து வருவதை இப்போது என்னால் விழுங்க முடியவில்லை.

யாருக்கும் நஷ்டமில்லை என்கிறாய். நீ சொல்கிறபடி மாற்றினால், துரைராஜ் அண்ணன் நம் அம்மாவின் மேல் பூ வைத்துவிட்டுத் தன் மனைவியோடு பேசுவார். நான் பக்கத்தில் டேப்போடு நிற்பேன். பிறகு அவர் காலமாகி, மனைவியோடு வைக்கச் சொன்னால் எந்தக் குழியைத் திறப்பாய்? அம்மாவுடையதையா?

அழ நேரமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் பிளானை நான் பார்த்திருப்பேன். "அக்கா, நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாய்.

அந்த ஃபைலில் நான் ஒரு எண்ணையும் மாற்றமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே துரைராஜ் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடு.

பியூலா


பொத்தேரி,
25.10.2024

அக்கா,

தப்பு என்னுடையதுதான். உனக்கு மட்டும் சொல்கிறேன். தோண்டும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பா பெட்டிக்குள் நனைந்துகொண்டிருந்தார், இருநூறு பேர் குடை பிடித்து நின்றார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துரைராஜ் அண்ணனிடம் இப்போது வேண்டாம். கிறிஸ்துமஸ் கழியட்டும். காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜோனத்தான்


சேலையூர்,
28.10.2024

ஜோனத்தான்,

ஞாயிறு கழிந்தது. இன்று காலை நானே துரைராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். தீபாவளித் தையல், உட்கார இடமில்லை. என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சர், உனுக்கும் ஜாக்கெட்டா? தீவாளி முடிஞ்சு வா" என்று சிரித்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டார். வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்பாரு பாவம் டீச்சர், அவரு இன்னா பண்ணாரு. ஆனா அவர எடுத்துடுங்க. இவ கோவளத்துக்காரி, வாய் பெரிசு. ஆனா அந்நிய ஆம்பள எதிர்ல குந்தி சோறு கூட துண்ண மாட்டா."

பிறகு கேட்டார்: "எலும்ப எடுத்து, திரும்ப அடியில வெச்சாங்கல்ல?"

"ஆமாம் அண்ணா."

"இன்னா துணில சுத்துனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து நேராக ஜெயவேலுவிடம் போய்க் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரக் கேளுங்க" என்றார்.

இனி நடக்க வேண்டியது இது.

கமிட்டிக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டும்: பூஜ்யத்தை நகர்த்தியது நீ, பிளானில் தப்பில்லை. கையெழுத்தோடு, வியாழக்கிழமைக்குள்.

அப்பாவை எடுத்து அம்மாவிடம் வைக்க அரசு அனுமதிக்கு மனுவை நான் எழுதிவிட்டேன். மகன் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும்.

அனுமதி வந்ததும் கேட் கல்லிலிருந்து அளப்பது நானும் ஜெயவேலுவும். நீ கிட்டே வராதே.

நவம்பர் இரண்டாம் தேதி துரைராஜ் அண்ணனுக்கு 187ஐக் காட்டுவது நான். அந்த மண்மேட்டுக்கு அடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் அவர் நிற்பார்.

முத்தாலம்மாளுக்கு வெள்ளைத் துணியில் அவரே உறை ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது அவர் வேலை, அதில் யாரும் தலையிடக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் நீ அவர் கடைக்குப் போக வேண்டும். தனியாக. ஜோசலினை அனுப்பாதே. அன்றைக்கு என்ன துணி என்று அவர் கேட்பார். உன் ஷெட் வேலையில் மிஞ்சிய சிமென்ட் சாக்கு என்றால், சிமென்ட் சாக்கு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பியூலா