வாங்காத தூக்குச்சட்டி

30-3-79, வெள்ளி

அத்தான்,

சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போகிறேன். வர ஏழு மணி ஆகும். அதற்குள் பரமசிவன் அண்ணாச்சி குற்றாலத்திலிருந்து சாப்பிட வந்துவிடுவார். இடியாப்பமும் சொதியும் மூடி வைத்திருக்கிறேன். சொதியை லேசாகச் சூடாக்கினால் போதும், கொதித்தால் திரிந்துவிடும்.

போன வெள்ளி அவர் ஆசையாகக் கறிக்குழம்பு கொண்டுவந்தபோது, "இன்னைக்கு எங்களுக்குச் சுத்தபோசனம்" என்று தூக்குச்சட்டியை வாங்காமலே அனுப்பிவிட்டேன். "கறிதானட்டி ஆகாது, மனுசனுமா ஆகாது?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினீர்கள். ஏழு நாளாக அந்தக் கேள்வி உறுத்துகிறது. என் விரதத்தில் எனக்கே ஒரு பெருமை இருந்திருக்கிறது. கறிக்கு முன்னால் அதை விட்டிருக்க வேண்டும்.

நேற்று நானே குற்றாலத்துக்கு, அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார். "அதை விடு தாயி. புதன்கிழமையில இருந்து நாங்களும் சாஸ்தாவுக்கு விரதம்லா. பங்குனி உத்திரம் வரைக்கும் கறி கிடையாது. நாளைக்கு நீ என்ன வச்சாலும் வந்து சாப்பிடுதேன்" என்றார்.

தவக்காலத்தில் கறியை விடச் சொன்னது சாமியார். என்னோடு பேசுவதை விடச் சொன்னது யார்?

சலேத்

அந்தத் தூக்குச்சட்டியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அவர் வீட்டு அக்காவுக்கு அதில் சொதி ஊற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கதவைத் தாழ்ப்பாள் போட்டே வையுங்கள். நான் வந்து தட்டுவேன். "யாரு" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறங்கள்.