நோரீன் அத்தை மூடிவைத்த தணல்

என் அருமை நோரீன் அத்தை,

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. உங்கள் மகன் ஷானை நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, "அத்தை" என்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பீர்கள். அது போதும், கேளுங்கள்.

நம் ரவுண்ட் ராக் ஊரில் இப்போது வெயில் கொளுத்துகிறது. பனி கொட்டி, கரண்ட் போய், நீங்களும் போன அந்த வாரத்தை ஊரே மறந்துவிட்டது. வம்பு மட்டும் ஓயவில்லை. இந்தியன் ஸ்டோரில் ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா, உன் மாமியார் டிப்ரஷன்ல இருந்தாங்களா? கரிய ரூமுக்குள்ள வச்சு கதவ க்ளோஸ் பண்ணிக்கிட்டாங்களாமே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டிப்ரஷனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க வேலையப் பாருங்க ஆன்ட்டி."

வாய் பேசிவிட்டது. ஆனால் ஷானும், நீங்களே உயிரை மாய்த்துக்கொண்டீர்களோ என்றுதான் நினைத்து மருகுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அயர்லாந்தில் நீங்கள் பிறந்த கூரைவீட்டைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண்தான் அங்கே விறகு. படுக்கப்போகுமுன் உங்கள் அம்மா தணலைக் கூட்டி, சாம்பலால் மூடி, மேலே விரலால் சிலுவை போடுவார். விடிந்ததும் கிளறினால் நெருப்பு இருக்கும். அடுப்பு அணைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பயம்.

கரண்ட் போன அன்று இரவும் அதைத்தானே செய்தீர்கள்? பேக்யார்டில் ஷான் மூட்டிய பார்பெக்யூ கரியை இரும்புச் சட்டியில் அள்ளி, சாம்பல் போட்டு மூடி, உங்கள் அறைக்குள் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் கூரைவீட்டில் புகைபோக்கி இருந்தது, கதவிடுக்கில் காற்று வந்தது. இங்கே குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் நாங்களே துணியால் அடைத்திருந்தோம். கரியின் நச்சுக்காற்று உங்களைக் கொண்டுபோய்விட்டது. என்ன அநியாயம் அத்தை!

இதைச் சொன்னால், "அம்மாவுக்கு அந்த ஆபத்து தெரியாமலா இருந்திருக்கும்?" என்கிறார் ஷான்.

அவருக்குத் துணிவில்லாமல் பூட்டியே கிடந்த உங்கள் அறையை இன்றுதான் திறந்தேன். கட்டில் பக்கத்தில் துண்டு போட்டு மூடிய ஒரு தட்டு. நீர் வற்றிக் கறை படிந்த கெட்டில், டீத்தூள், கவிழ்த்துவைத்த கோப்பைகள். ஷானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, எங்கள் மகள் மீனாவுக்குச் சின்னது. நான்காவது, கைப்பிடி உடைந்த உங்கள் கோப்பை.

சாகப்போகிறவர், விடிந்ததும் அந்தத் தணலில் போட, தனக்கும் சேர்த்து டீக்கு எடுத்துவைப்பாரா? தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஷான் வந்ததும் அவரை இதே இடத்தில் உட்காரவைத்து, உங்கள் கோப்பையைக் கையில் கொடுப்பேன். அம்மா விடியும் என்று நம்பித்தான் படுத்தார் என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மருமகள்,
செல்வி