வெள்ளைக்காரப் பாட்டுக்கு ஆள் சேர்த்தது

திங்கள். காலையிலிருந்து தூறல்.

அப்புக்குட்டி, துணி எதுவும் காயவில்லை. உன் நீலச் சட்டையையும் சேர்த்துத் துவைத்துவிட்டேன். யாரும் போடாத சட்டை.

தெலுக் பங்லிமா காராங் பிஸ்கட் பேக்டரிக்குப் போகும் பஸ் இன்றும் தாமதம். வேலையில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஷாலினி போன். கோலாலம்பூர் பங்சார் ஆபீசில் உன்னோடு வேலை செய்த பெண். வரும் சனிக்கிழமை அந்த இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். நீ எழுதி எழுதிக் கூப்பிட்டவர்கள். ஜப்பானுக்குப் போகும் வழியில் இங்கே ஒரு நாள். பிரிக்பீல்ட்ஸ் மாடி ஹாலும் நீ பேசி வைத்ததுதான்.

"டிக்கெட்டே போகல ஆன்டி. அவன் இருந்தா எல்லாரையும் இழுத்துட்டு வந்திருப்பான். எங்களுக்கு அது வரல. கேன்சல் பண்ணிடலாமா?"

"வேணாம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர்கள் பேர் எழுத எனக்கு வராது. வயசான ஆட்கள். ஒருவர் தபால் வண்டி ஓட்டுகிறாராம், ஒருவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுக்கிறாராம். அவர்கள் ஊரிலேயே அவர்களைத் தெரியாது. "உலகமே கேக்க வேண்டிய பாட்டும்மா, ஒருத்தனும் கேக்கல" என்பாய். "சத்தத்தக் கொற" என்பேன்.

நீ கூப்பிட்ட ஆட்கள் காலி நாற்காலிக்குப் பாடினால் அவமானம் உனக்குத்தான்.

புதன். நல்ல வெயில்.

கோயில் பஜனைப் பெண்களைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. சாவு விழுந்து வருசம் திரும்பாத வீடு. தாம்பாளம் தூக்கக் கூடாது, ஒருத்தர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெறுங்கையோடு ஒவ்வொரு வீட்டு வாசல் கேட்டுக்கும் வெளியே நின்று கூப்பிட்டேன். பிச்சை கேட்பது போல்.

பஜனைக்கு முன்னால் நின்று பாடும் சரசு அக்கா கேட்டைத் திறக்கவே இல்லை.

"ஏண்டி, புள்ள போய் அஞ்சு மாசம் ஆகல. அதுக்குள்ள கச்சேரியா?"

"கச்சேரி இல்லக்கா. அவனுக்காகப் பாடறாங்க. இங்கிலாந்துலேர்ந்து வராங்க."

"அப்படியா! சாமிப் பாட்டா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

சாமி பேரில் பொய். வெட்கம்.

வெள்ளி. வெயில். சாயங்காலம் இடி மட்டும்.

நாளைச் சாப்பாட்டுக்கு வாங்க வேண்டியது: பீஹூன் சேமியா, தவ்கே முளைப்பயறு, கொண்டைக்கடலை, தேங்காய், காகிதத் தட்டு. மஞ்சள் இருக்கிறது.

போவதற்கு முன் அவர்கள் பாட்டு ஒன்றையாவது கேட்டு வைக்கலாம் என்று உன் போனை எடுத்தேன். அன்றைக்கு உன் மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து நொறுங்கியது. சார்ஜ் ஏறவில்லை. திரும்ப அலமாரியில்.

ஞாயிறு. வெக்கை.

நேற்று எழுத முடியவில்லை.

கிள்ளான் ஸ்டேஷனில் எல்லோரும் பட்டுச்சேலை, மல்லிகைப்பூ. சரசு அக்கா கையில் ஜால்ரா! கொமுட்டர் ரயில் முழுக்கப் பீஹூன் வாசனை.

ஹாலில் ஷாலினியின் கூட்டாளிகள் கொஞ்சம் பேர், கறுப்புச் சட்டையில், பின்னால். நம் பெண்கள் முன்வரிசை. வழுக்கையும் தொப்பையுமாக அந்த வெள்ளைக்காரர்கள் மேடைக்கு வந்து நம்மைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

எடுத்த எடுப்பில் கிதார் சத்தம். சரசு அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஆனால் சின்னச் சின்னப் பாட்டு. சட்டென்று தொடங்கி, காதில் நிற்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுகிறார்கள். நடுவில் கைதட்டு. கைதட்டச் சொன்னால் நம் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"நம்ம பஜனை மாதிரிதான்லா இருக்கு" என்று சரசு அக்கா ஜால்ராவை எடுத்துவிட்டாள். முன்னால் நின்று பாடியவருக்குச் சிரிப்பில் பாட்டே மறந்துபோனது. என் காலும் ஆடியது. சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் மைக்கில் ஏதோ கேட்டார். ஷாலினி என்னிடம் வந்தாள்.

"அவனுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு எதுன்னு கேக்கறாரு ஆன்டி. அதப் பாடி முடிக்கறாங்களாம். எங்ககிட்ட வாரத்துக்கு ஒண்ணு சொல்வான். உங்களுக்குத் தெரியும்ல?"

ஹாலே என்னைப் பார்க்கிறது. பெற்றவள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் காலடியில் பாட்டு வரிசை எழுதிய காகிதம், தரையில் ஒட்டியிருந்தது. எல்லாம் இங்கிலீஷ், எனக்குப் படிக்க வராது. எழுந்து போனேன். குனிந்தேன். ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தேன்.

அவர் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"இத இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம் ஆன்டி" என்றாள் ஷாலினி. சொல்லும்போதே அழுதாள்.

பாடினார்கள். மெதுவாகத் தொடங்கி, பிறகு ஓடுகிற பாட்டு. சரசு அக்கா ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். உன்னை நினைத்தா, அந்த விரலை நினைத்தா, தெரியவில்லை.

திரும்பும்போது ரயிலில் சரசு அக்கா: "சாமிப் பாட்டாம், சாமிப் பாட்டு. பொய்க்காரி. ஆனா உம்மவனுக்கு நல்ல காதுடி."

பெருமைப்படவும் முடியவில்லை.

வியாழன். மூடாக்கு. மழை வரும்போல்.

வேலை. இடுப்பு வலி. மிச்சக் கடலை ஊசிப்போனது, கொட்டிவிட்டேன்.

ஷாலினி போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். ஜப்பானிலும் அந்தப் பாட்டைப் பாடினார்களாம். பாடுமுன் உன் பேரைச் சொன்னார்களாம். கோலாலம்பூரில் ஒரு பையன், அவன் அம்மா வந்து விரல் வைத்துக் காட்டினாள் என்று. இனிப் போகிற ஊரிலெல்லாம் சொல்வார்களாம். ஜனங்கள் எழுந்து நின்றார்களாம்.

"இனிமே அது அவன் பாட்டுதான் ஆன்டி."

உண்மையைச் சொல்லப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். பெற்ற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று தெரியாதவள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பாவப்பட்ட மனிதர்கள் இனி என்ன பாடுவார்கள்?

வெங்காயம் வதக்கும்போது அதுதான் வாயில் வருகிறது. கடைசி வரி மட்டும், வார்த்தை இல்லாமல். நல்ல பாட்டு அப்பு. எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்கு அது பிடிக்குமாடா?