இரண்டு தட்டு வைத்த மேசை

பக்கத்து வீட்டில் மீன் கட்லட் பொரிக்கிறார்கள். மிளகும் வெங்காயமும் ரஸ்குத் தூளும் எண்ணெயில் சிவக்கிற அந்த வாசம் மதிலுக்கு மேலால் ஏறி என் சாய்மனைக் கதிரை வரைக்கும் வந்துவிட்டது. கையில் இருந்த பேப்பரை மடியில் போட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் இருந்த இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுச் சமையல் வாசத்தை ஏனென்று கேட்காமல் விட்டிருக்கிறேன். இது மட்டும் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நீர் உயிரோடு இருந்த காலத்தில் இந்தக் கதைக்கு நான் வாயெடுத்தாலே, "காணும், விடுங்கோ" என்று அடக்கிவிடுவீர். இப்போது அடக்க ஆளில்லாதபடியால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தகாலம். நமக்குக் கலியாணமாகிப் பதினாலு மாதம். கொழும்பில் அண்ணரின் வீட்டில் அண்ணர், அண்ணி, அவர்களின் பிள்ளைகள் ஐந்து பேர், பிறகு நாம். நமக்கென்று கிடைத்தது விறாந்தையில் சேலை கட்டி மறைத்த ஒரு மூலை. சேலைக்கு அந்தப் பக்கம் அண்ணரின் பெடியன்கள் இருவர் பாய் போட்டுப் படுப்பார்கள். அந்தப் பதினாலு மாதத்தில் நாம் தனியாகக் கதைத்ததை எல்லாம் ஒரு தபாலட்டையில் எழுதினாலும் மிச்ச இடம் கிடக்கும்.

அப்போதுதான் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போடுவான் என்ற பயம் பிடித்தது. சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறியது. அண்ணரும் ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, "பொம்பிளையளும் பிள்ளையளும் வாற கிழமை யாழ்ப்பாணம் போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணர் சொன்னால் நான் தலையாட்டுவது வழக்கம், ஆட்டினேன். கதவடியில் நின்ற நீரும் ஆட்டினீர். நீர் ஆட்டிய வேகம் இருக்கிறதே, அதுதான் என்னைக் குத்தியது. இந்தப் பெண்ணுக்கு என்னை விட்டுப் போக இவ்வளவு அவசரமா? பிடிக்காமல்தான் இத்தனை நாளும் வாய் திறக்கவில்லையா? அதை உம்மிடமே கேட்க வேண்டும் என்று பட்டது. ஆனால் அந்த வீட்டில் எந்த மூலையில் வைத்துக் கேட்பது? எனக்கு ஒரு மேசை வேண்டியிருந்தது. நீரும் நானும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டு, நீர் வாய் திறக்கக் கூடிய ஒரு மேசை.

அதைத் தேடி நான் பட்ட பாட்டை நீர் முழுதாக அறியமாட்டீர். கந்தோரில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு இடமாகப் போய் நானே இருந்து பார்த்தேன். கோட்டையில் வெள்ளைக்காரர் போகும் பெரிய ஹோட்டலின் வாசலில் நின்றபோதே எங்கள் துரை உள்ளே இருப்பது தெரிந்தது. அவர் இல்லாவிட்டாலும் அந்த முள்ளுக்கரண்டிகளுக்கு முன்னால் நீர் ஊமையாகிவிடுவீர். புறக்கோட்டைச் சைவக் கடையில் இட்டலி நல்லதுதான். ஆனால் பக்கத்து மேசைக்காரர் நான் முதல் இட்டலியைப் பிய்க்க முன்னமே, "தம்பி எந்த ஊர், ஆரின்ரை மகன்?" என்று தொடங்கி, இரண்டாவது இட்டலிக்குள் எனக்குப் பெரியப்பா முறையாகிவிட்டார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தேத்தண்ணிச் சாலை. அங்கே அண்ணரின் சீட்டாட்டக் கூட்டாளிகள் நால்வர் குந்திக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கந்தோரில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த சலீமிடம் சொன்னேன். கிராண்ட்பாஸ்காரன், கொழும்பில் எந்தச் சந்தில் என்ன வேகிறது என்று தெரிந்தவன். அவன் பேனாவை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஒங்கட சொந்தப் பொஞ்சாதியக் கூட்டிப் போறதுக்கா மச்சான் இந்தக் கள்ள வேல?" என்றான். "கொட்டாஞ்சேனைல திரேசம்மா எண்டு ஒரு பொம்புள ஈக்கிறா. ஊட்டு முன் சாலைல நாலு மேச. ஒண்டுக்குத் திரையும் ஈக்கி. போய்ப் பாருங்க."

அடுத்த நாளே போனேன். திரேசம்மா வெள்ளைச் சட்டையும் கொண்டையுமாய், கணவனை இழந்த கத்தோலிக்க மனுஷி. சுவர் துப்புரவு, மேசைவிரிப்புத் துப்புரவு. திரை போட்ட மேசையில் இரண்டு கதிரையிலும் மாறி மாறி இருந்து பார்த்தேன். ஒரு கதிரையில் இருந்தால் தெரு தெரிகிறது, அது எனக்கு. மற்றதில் இருந்தால் யன்னலுக்கு வெளியே ஒரு ஜாம் பழ மரம், அது உமக்கு. விளக்கு கண்ணில் குத்துமா என்று பார்த்தேன். கறிக்கு உறைப்புக் கூட்டச் சொன்னேன். திரேசம்மா இடுப்பில் கை வைத்து, "தம்பி, பொண்ணு பார்க்கவா வாரீங்க?" என்று கேட்டா. அரிசி கூப்பனுக்கு வந்த காலம் என்பதால் இரண்டு பேருக்கு அளவாகத்தான் சோறு வைப்பேன் என்றும் சொல்லி வைத்தா.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். சைவக்காரரும் போகிற கோயில் என்றபடியால் ஒருவரும் மறிக்கவில்லை. பொய் சொன்ன பயத்தில் உண்மையாகவே போய் ஆளுக்கொரு திரி கொளுத்தினோம். அங்கிருந்து ரிக்‌ஷாக்காரன் இரண்டு பேரை ஏற்றமாட்டேன் என்றான். நீர் ஏறி இருக்க, நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாய் வந்தேன். நீர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர். சிரிக்கிறீர் என்று கண்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எதோடும் ஒப்பிடமாட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம். திரேசம்மா இரண்டு தட்டு வைத்து, சோறும் மீன் குழம்பும் ஒரு பீங்கான் நிறையக் கட்லட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனா. நீர் இருந்த கையோடு எழும்பி என் தட்டில் சோற்றைப் போட்டீர். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றீர். நான் கேட்கப் போகும் கேள்வியை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்படித் தொடங்குவதா, அப்படித் தொடங்குவதா என்று. என் கை தன்பாட்டில் குழைத்துக்கொண்டும் வாய் தன்பாட்டில் மென்றுகொண்டும் இருந்தன. நீர் குழம்பு விட்டீர், சாப்பிட்டேன். கட்லட் வைத்தீர், சாப்பிட்டேன். பிறந்த நாள் தொட்டு அம்மாவும் அக்காவும் அண்ணியும் நின்று பரிமாறத் தின்றவனுக்கு அதில் என்ன புதினம்? கேள்வி ஒருவாறு சரிவந்து நான் நிமிர்ந்தபோது திரேசம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தா. என் தட்டு வழித்துக் கிடந்தது. உம்முடையது கழுவி வைத்தபடியே இருந்தது.

"நீர் சாப்பிடேல்லையே?"

"நீங்கள் முடியட்டும் எண்டு நிண்டனான்" என்றீர். மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "அவ எடுத்துக்கொண்டு போட்டா. பறவாயில்லை, எனக்குப் பசிக்கேல்லை" என்றீர்.

எத்தனை நாள் அலைந்து கதிரை பார்த்தேன், மரம் பார்த்தேன், விளக்குப் பார்த்தேன்! எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. குசினிக்குள் ஓடினேன். திரேசம்மா நெற்றியில் அடித்துக்கொண்டா.

"செவ்வாய்க்கிழமை, பொண்ணு நேர்த்தி விரதம்னுல்ல நெனச்சேன்! மிச்சச் சோத்த அடுத்த வீட்டு அடுக்குச் சட்டில போட்டு அனுப்பிட்டேனே. தம்பி, பக்கத்தில பொண்டாட்டி பட்டினியா நிக்கிறது கூடவா தெரியல ஒங்களுக்கு?"

அவவின் இராச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த, பேக்கரியில் வாங்கிய அரை றாத்தல் பாணும் ஒரு முட்டையும்தான் மிச்சம். முட்டையைப் பொரித்து, சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை வழித்துத் தந்தா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டை நானே வாங்கிக்கொண்டு வந்து, உமக்கு முன்னால் வைத்து, நின்றேன்.

"ஐயோ, இருங்கோ. ஆரும் பாத்தா…"

"திரை கிடக்கு. சாப்பிடும்."

நீர் சாப்பிட்டதை அன்றுதான் நான் முதன்முதல் பார்த்தேன். பதினாலு மாதம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்துவிட்டு, அன்றுதான். முதல் இரண்டு வாய் கூச்சத்தோடு. பிறகு நான் நிற்பதையே மறந்துவிட்டீர். பாணைப் பிய்த்துத் துடைத்து, தட்டின் கரையையும் துடைத்துச் சாப்பிட்டீர். பசியில்லாத ஆள் அப்படிச் சாப்பிடாது.

"வீட்டிலை நீர் என்ன சாப்பிடுறனீர்?" என்று கேட்டேன். கேட்க நினைத்த கேள்வி அதுவல்ல.

"இருக்கிறதை."

"இல்லாட்டி?"

"இல்லாட்டித் தேத்தண்ணி."

ஆண்கள், பிறகு பிள்ளைகள், பிறகு அண்ணி, எல்லாருக்கும் பிறகு வீட்டுக்குப் புதிதாக வந்தவள். கூப்பன் அரிசியில் ஒன்பது பேருக்குச் சமைத்தால் கடைசி ஆளுக்குப் பானையில் என்ன கிடக்கும்? அண்ணி பொல்லாதவ இல்லை, அவவும் தன் காலத்தில் கடைசியாகச் சாப்பிட்டவதான். பானைக்குள் எட்டிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பிறகுதான் நீர் தலை நிமிராமல் அதைச் சொன்னீர்.

"ஊருக்குப் போனா அம்மா வயிறு நிறையச் சோறு தருவா. அதுக்குத்தான் ஓமெண்டனான். உங்களை விட்டிட்டுப் போகவேணும் எண்டில்லை."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். என்னைப் பிடிக்கவில்லை என்று நான் மனம் கசந்துகொண்டிருந்த நாட்கள் முழுக்க நீர் பசியோடு இருந்திருக்கிறீர்.

"போகாதையும்" என்றேன். "என்னோடை இரும்."

நீர் யன்னலுக்கு வெளியே பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர்.

"இருந்தா, என்னோடை சாப்பிடுவீங்களோ?"

"ஓம்."

"குண்டு விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு பேருக்கும் விழட்டும்."

திரைக்கு அந்தப் பக்கம் திரேசம்மா மூக்குறிஞ்சிய சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் சொல்வது லேசு. அடுத்த நாள் வீட்டில் அண்ணர் சாப்பாட்டு மேசைக்கு வந்து இருந்தபோது நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா, இருக்கேல்லையே? வயித்துக்குள்ளை ஏதுமோ?"

"இல்லை அண்ணை. நான் அவவோடை சாப்பிடுறன். அவ ஊருக்கும் போகேல்லை."

குசினிக்குள் அகப்பை விழுந்தது. "வெக்கங்கெட்ட வேலை" என்று அண்ணியின் குரல். அண்ணர் சாப்பிட்டு எழும்பினார். நான் குசினிக்குள் போய்ப் பலகை போட்டு இருந்து, பானையில் கிடந்ததை உம்மோடு பாதி பாதியாகச் சாப்பிட்டேன். அன்று எனக்கும் வயிறு நிறையவில்லை.

அண்ணியும் பிள்ளைகளும் ரயிலேறினார்கள். அண்ணர் மூன்று கிழமை வீம்பில் தனியே இருந்து சாப்பிட்டார். பிறகு ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீங்களும் வந்து இருங்கோவன். தனியச் சாப்பிட விசராக் கிடக்கு" என்றார். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தோம். நீர் கூச்சத்தில் அன்று அரைவயிறுதான் சாப்பிட்டீர்.

அதற்குப் பிறகு நாம் ஆயிரம் சண்டை பிடித்திருப்போம். என் குடும்பத்தை எவ்வளவோ திட்டியிருக்கிறீர், என் குறட்டையைக்கூட விடவில்லை. ஆனால் அந்தப் பதினாலு மாதப் பசியை மட்டும் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனப்பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கடைசி மாதம் உமக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. "நீங்கள் சாப்பிட்டீங்களே?" என்று கேட்டீர். ஓம் என்று பொய் சொன்னேன், பிடித்துவிட்டீர். "இஞ்சை கொண்டுவாங்கோ" என்றீர். உமது கட்டிலருகே இருந்து, நீர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தட்டுச் சோற்றை நான் தனியாகச் சாப்பிட்டு முடித்தேன். நீர் சொன்னபடியால் சாப்பிட்டேன்.

இப்போது மருமகள்தான் எனக்குச் சோறு போடுகிறாள். கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள். நான் தட்டைத் தொடாமல் இருப்பேன்.

"என்ன மாமா, கறி பிடிக்கேல்லையோ?"

"நீர் இரும் பிள்ளை. உமக்கும் போடும்."

இவருக்கு இது ஒரு விசர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு அவள் கதிரையை இழுத்து இருக்கிறாள். அவள் ஒரு வாய் வைத்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.