ஜெனோவாவில் ஒரு சிலுவைக் குறி

சேசு மரி சூசை

தெப்ராவ் சாலை,
ஜொகூர் பாரு,
14 ஜூன் 1943

பிரியமுள்ள தம்பி யூஜினுக்கு, உன் அண்ணி டோரிஸ் எழுதிக்கொள்வது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் ரேஷன் அரிசி வாங்கிக்கொண்டு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பத்தொன்பது நாள் கழித்து அவரைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பையை நழுவவிட்டு நின்றபடியே அழுதேன். அவரோ, டோரிஸ், முதல்ல அரிசியப் பொறுக்கு, அப்புறம் அழலாம் என்கிறார். ஆள் மாறவில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

இதைத் தபாலில் போடப் பயம். நீ இருக்கும் இடத்தை எனக்குச் சொன்ன, ரயிலில் வேலை பார்க்கும் லெட்சுமணன் சிகாமட்டுக்கு வரும்போது உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ அந்த எஸ்டேட்டில் ஒளிந்துகொண்டு என்னென்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நீ வேலை செய்த கிடங்குக்குப் புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரியிடம், எங்க அண்ணன் வழிகாட்டி இல்லாம நாலு துறைமுகத்தச் சுத்துனவரு என்று பீற்றிக்கொண்டது போதாதென்று, அவருடைய வரைபட நோட்டையும் எடுத்துப்போய்க் காட்டினாயே! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் வீட்டு நுணல் வாய் திறந்து அண்ணனை அல்லவா மாட்டிவிட்டது? மறுநாள் காலையில் ராணுவப் போலீசார் லாரியில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அலமாக், ஐயோ, நான்தான் கெடுத்துட்டேன் அண்ணி என்று நீ சமையலறையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். சாயந்திரம் பார்த்தால் உன்னையும் காணோம்.

அந்த நோட்டு எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பிள்ளைதான் கொடுத்துவைக்கவில்லை, ரோமாபுரியையாவது பார்த்துவிடுவோம் என்று முப்பத்தேழில் கப்பலேறினோம். போர்ட் செயித், நேப்பிள்ஸ், ஜெனோவா, மார்சேல்ஸ். ஒவ்வொரு துறைமுகத்திலும் மற்றப் பயணிகளைக் கப்பல்காரர்களே வண்டியில் ஏற்றி ஊர் காட்டினார்கள். உன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கோழிக்குஞ்சு மாதிரி வரிசையில போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். சர்வே ஆபீஸ் புத்தி எங்கே போகும்? வழி தவறாமலிருக்க ஒவ்வொரு ஊரையும் அளவு போட்டு, வடக்குத் திசை குறித்து வரைந்தார். கப்பல் துறை, சுங்கச்சாவடி, விளக்குக் கம்பம் ஒன்றும் விடவில்லை. நான் மெழுகுவர்த்தி கொளுத்திய கோயில்களுக்கெல்லாம் சிவப்பு மையில் சிலுவை. யுத்த காலத்தில் இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான், நீயே சொல். இத்தாலி இவர்களுடைய கூட்டாளி நாடல்லவா, பீரங்கி இருக்கும் இடங்களை வேவு பார்த்துக் குறித்தது என்று நினைத்துவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை என்னையும் அங்கே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உன் அண்ணனை என் கண்ணில் காட்டவில்லை. மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது. துபாஷியாக இருந்த ஃபார்மோசாத் தீவுக்காரர் ஒருவர் என்னை மலாயில் கேட்டுக் கேட்டு அதிகாரிக்கு ஜப்பானிய மொழியில் சொன்னார். உன் புருஷன் எல்லாக் குறிக்கும் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டான், நீ சொல்வது அதோடு ஒத்துவராவிட்டால் அவன் திரும்பமாட்டான் என்றார். கோயில்களின் பெயரா எனக்கு ஞாபகம் இருக்கிறது? அதிகாரி பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிக் காட்டக் காட்ட, நடந்ததைத்தான் சொன்னேன். இங்கே வெயிலில் மயங்கி விழுந்தேன், இங்கே செருப்பு வார் அறுந்தது, மார்சேல்ஸ் மலைக்கோயிலில் கூரையிலிருந்து குட்டிக் கப்பல்கள் தொங்கின என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்துச் சிலுவை தாண்டியது.

பதினோராவது ஜெனோவாவில், கப்பல் துறைப் பக்கம். அங்கே கோயிலே கிடையாது. அந்தக் குறியை நான் அதற்குமுன் பார்த்ததுமில்லை. மாதாவே, இவர் எதற்கு இங்கே சிலுவை போட்டார் என்று மனசுக்குள் மன்றாடினேன். அதிகாரி விரலால் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். தெருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மீன் சந்தை, அதன் பக்கத்தில் கல் படிக்கட்டு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று எங்களுக்குள் சண்டை. நான் கோபித்துக்கொண்டு தனியாக நடந்து, வழி தெரியாமல் அந்தப் படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அழுதேன். உன் அண்ணன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார்.

இங்கே நான் தொலைந்துபோனேன், இங்கேதான் அவர் என்னைக் கண்டுபிடித்தார் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அதிகாரி அந்த ஃபார்மோசாக்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை மூடினார். வாசல்வரை வந்த ஃபார்மோசாக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: அந்தக் குறிக்கு உன் புருஷன், பெண்சாதி திரும்பக் கிடைத்த இடம் என்று எழுதியிருக்கிறான். கலியாணமாகிப் பதினாறு வருஷத்தில் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனுஷன். அவர்களிடம் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்!

இனி பயமில்லை தம்பி. நோட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள், வழக்கை முடித்துவிட்டார்கள். உன்னை யாரும் தேடவில்லை. நோட்டைக் காட்டும்படி உன்னிடம் சொன்னதே தான்தான் என்று அண்ணன் அங்கே சாதித்திருக்கிறார். எத்தனை தடவை கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, யூஜின் சாப்பிட்டானா என்பதுதான். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும்தான் இருக்கிறது, அதை மூன்று பேராகச் சாப்பிடுவோம்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அவருடைய வலது கை விரல்கள் ஆற நாளாகும். வந்ததும் அதைப் பார்த்து அழாதே. முகமெல்லாம் தாடி மண்டிக்கிடக்கிறது. நான் மழித்துவிடுகிறேன் என்றால் கிட்டே விடமாட்டேன் என்கிறார். தம்பி வரட்டும், அவன்தான் செய்யணும் என்று ஒரே பிடிவாதம். கத்தியைத் தீட்டி வைத்துவிட்டேன். கழுத்தைக் காட்டிக்கொண்டு உன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், வந்துவிடு யூஜின்.

வழியெல்லாம் மாதா உன்கூட வரட்டும்.

உன் அண்ணி,
டோரிஸ் செபஸ்தியன்